பார்த்ததும் புரியும் பக்கம்: ஆவணத்தை வடிவமைக்கும் முறை

ஓர் ஆவணம் கைக்கு வந்ததும் யாரும் முதல் எழுத்திலிருந்து படிக்கத் தொடங்குவதில்லை. முதலில் பக்கத்தைப் பார்க்கிறார்கள். எவ்வளவு நீளம், தலைப்புகள் எங்கே, தனக்கு வேண்டியது எந்தப் பகுதியில் இருக்கும் என்று கண் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. அந்தச் சில நொடிகளில் பிடிமானம் கிடைக்காவிட்டால், வாசகர் ஒன்று ஆவணத்தை மூடி வைப்பார், அல்லது அரைகுறையாக மேய்ந்துவிட்டுத் தப்பாகப் புரிந்துகொள்வார். அதனால் எழுத்தின் அளவு, வரி இடைவெளி, தலைப்பு, பட்டியல், ஓரம் எல்லாமே எழுத்து வேலையின் பகுதிதான். எழுதி முடித்த பிறகு யாரோ ஒருவர் வந்து அழகுபடுத்தட்டும் என்று விடுவதால்தான் பல நல்ல ஆவணங்கள் கெட்டுப்போகின்றன.

இதற்குக் கொடுத்த விலை சில நேரம் மிகப் பெரியது. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று அதன் இடது இறக்கையில் மோதியது. சேதம் ஆபத்தானதா என்று ஆராய்ந்த பொறியாளர்கள் நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகளாக விளக்கம் தந்தார்கள். அவற்றில் ஒன்றின் தலைப்பு கவலை வேண்டாம் என்ற தொனியில் இருந்தது. அதன் அடிவரியில், சிறிய எழுத்தில், உண்மையான செய்தி கிடந்தது: சோதனைகளில் பயன்படுத்திய துண்டின் கன அளவு 3 கன அங்குலம், விண்ணோடத்தின் மீது மோதியதாக மதிப்பிட்ட துண்டு 1,920 கன அங்குலம். 640 மடங்கு வேறுபாடு. பிப்ரவரி 1 அன்று தரையிறங்கும் வழியில் கொலம்பியா சிதறி 7 பேரும் இறந்தார்கள். விபத்தை விசாரித்த வாரியம் தன் அறிக்கையில் இந்த ஸ்லைடை எடுத்துக்காட்டி, தொழில்நுட்ப அறிக்கைகளுக்குப் பதிலாக ஸ்லைடுகளை நம்பும் வழக்கத்தைக் கண்டித்தது. ஸ்லைடில் தகவல் இருந்தது. அதன் முக்கியத்துவம் மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

வடிவமைப்பு முழுவதற்கும் அடிப்படை ஒன்றே: பொருளில் வேறுபாடு இருந்தால் அது பார்வையில் தெரிய வேண்டும், பொருளில் இல்லாத வேறுபாடு பார்வையிலும் இருக்கக் கூடாது. முக்கியமானது பெரிதாக, ஒன்றோடொன்று சேர்ந்தவை அருகருகே, ஒரே வகையானவை ஒரே தோற்றத்தில். கீழே வரும் அளவுகள் எல்லாம் இதிலிருந்து பிறந்தவைதான்.

## எங்கே, எப்படிப் படிப்பார்கள்

எழுத்துருவைத் தேடுவதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள். மேசையில் அமர்ந்து முழுதாகப் படிக்கும் அறிக்கை, கைபேசியில் உருட்டிப் பார்க்கும் குறிப்பு, சுவரில் ஒட்டும் அறிவிப்பு, ஒரு கையில் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் பழுதுநீக்கும் கையேடு ஆகிய நான்கும் நான்கு வகையான பக்கங்களைக் கேட்கின்றன. வாசகர் படித்து முடித்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் முதலில் கண்ணில் பட வேண்டியது அந்த வரிதான். அந்த ஒரு வரியை உங்களால் எழுத முடியவில்லை என்றால் சிக்கல் வடிவமைப்பில் இல்லை, உள்ளடக்கத்தில் இருக்கிறது.

## எழுத்தின் அளவும் வரி இடைவெளியும்

அச்சில் உடல் எழுத்து, அதாவது பத்திகளின் எழுத்து, 11 அல்லது 12 பாயின்ட். திரையில் 16 முதல் 18 பிக்சல். சுவர் அறிவிப்புக்குக் கணக்கு வேறு: 3 மீட்டர் தொலைவிலிருந்து சிரமமின்றிப் படிக்க வேண்டிய வரிக்கு எழுத்தின் உயரம் சுமார் 25 மி.மீ. வேண்டும் என்பது விளம்பரப் பலகை எழுதுவோர் பின்பற்றும் பொது விதி. 72 பாயின்ட் என்பது ஓர் அங்குலம்தானே என்று 72-ஐப் போட்டால் போதாது. பாயின்ட் அளவு எழுத்துக்கு மேலும் கீழும் விடும் இடத்தையும் சேர்த்தது. அச்சாகும் எழுத்து அதைவிடக் குட்டையாகவே இருக்கும். அச்சடித்து அளவுகோல் வைத்துப் பாருங்கள்.

வரி இடைவெளியில் தமிழுக்குத் தனி அக்கறை தேவை. கீ, ஸ்ரீ போன்றவை மேலே எழும்புகின்றன. சூ, ஞு, ழு போன்றவை கீழே இறங்குகின்றன. ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளியை அப்படியே வைத்தால் மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் இடிக்கும். எழுத்தின் அளவைப் போல 1.4 முதல் 1.5 மடங்கு என்பது நல்ல தொடக்கம். அதாவது 12 பாயின்ட் எழுத்துக்கு 17 அல்லது 18 பாயின்ட்.

இந்த இடத்தில் பலரும் தடுமாறுகிறார்கள். வேர்டில் 'மல்டிபிள் 1.5' என்று கொடுத்தால், அந்தப் பெருக்கல் எழுத்தின் அளவை வைத்து நடப்பதில்லை. எழுத்துருவுக்குள் ஏற்கெனவே குறித்து வைத்த வரி உயரத்தை வைத்து நடக்கிறது. தமிழ் எழுத்துருக்கள் சிலவற்றில் அந்த உயரம் தாராளமாக இருக்கும். அப்போது 1.5 போட்டால் வரிகள் ஒன்றை விட்டு ஒன்று விலகி, பத்தி பத்தியாகத் தெரியாது. 'எக்ஸாக்ட்லி' என்று தேர்ந்து குறைந்த எண்ணைக் கொடுத்தாலோ திரையில் கீ, ஸ்ரீ ஆகியவற்றின் தலை வெட்டுப்படும். ஆகவே எண்ணை நம்பாதீர்கள். ஒரு பக்கத்தை அச்சடித்து, முதல் வரியின் அடியிலிருந்து பதினோராவது வரியின் அடி வரை அளந்து பாருங்கள். 12 பாயின்ட் எழுத்துக்கு அது 60 முதல் 64 மி.மீ. இருந்தால் சரி. கூடினால் 1.15, 1.1 என்று குறைத்துக்கொண்டே வாருங்கள்.

ஒரு வரியில் 7 முதல் 10 சொற்கள் வரை இருப்பது வசதி. ஏ4 தாளில் இருபுறமும் 25 மி.மீ. ஓரம் விட்டால் எழுத்துக்கு 160 மி.மீ. அகலம் மிஞ்சும், 12 பாயின்ட் தமிழுக்கு அது பொருந்தி வரும். கணினித் திரையில் முழு அகலத்துக்கும் எழுத்தை ஓடவிடுவதுதான் பெரிய தவறு. வரி நீண்டால், அதன் முடிவிலிருந்து திரும்பும் கண் அடுத்த வரியின் தொடக்கத்தைத் தவறவிட்டு, படித்த வரியையே மறுபடி படிக்கும்.

## இருபுறமும் நேராக வெட்ட வேண்டாம்

அச்சுப் புத்தகம் போலத் தோன்ற வேண்டும் என்பதற்காகப் பலரும் 'ஜஸ்டிஃபை' பொத்தானை அழுத்துகிறார்கள். தமிழில் ஒட்டுகள் சேர்ந்து சொற்கள் நீள்வது இயல்பு. 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' போன்ற ஒரு சொல் வரியில் இடமில்லாமல் கீழே இறங்கினால், மேல் வரியில் மிஞ்சிய நான்கு சொற்கள் அகலத்தை நிரப்ப இழுபடும். சொற்களுக்கிடையே வெள்ளைத் திட்டுகள் விழும். அடுத்தடுத்த வரிகளில் அவை ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தால் பத்தியின் நடுவே வெண்கோடு ஓடும். பக்கத்தை இரண்டு நெடுவரிசைகளாகப் பிரித்து அமைத்த செய்திமடல்களில் இது இன்னும் மோசமாகும். சொல்லை உடைத்து மடக்கும் வசதி உங்கள் மென்பொருளில் சரியாக வேலை செய்தாலொழிய, இடப்புறம் மட்டும் நேராக வைத்து வலப்புறத்தை ஏற்ற இறக்கமாக விடுங்கள். சொற்களுக்கிடையே இடைவெளி சீராக இருக்கும். படிப்பதற்கு அதுதான் முக்கியம்.

## இடைவெளியும் ஒரு செய்தி

அருகருகே இருப்பவை சேர்ந்தவை என்றுதான் கண் எடுத்துக்கொள்ளும். அதை மீறினால் எவ்வளவு தெளிவான எழுத்தும் உதவாது. 2000-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃபுளோரிடாவின் பாம் பீச் மாவட்டத்து வாக்குச்சீட்டு இதற்குப் பாடம். முதியவர்கள் படிக்க வசதியாக இருக்கட்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கினார்கள். பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. இடமும் வலமுமாகப் பிரித்து, வாக்களிக்கத் துளையிடும் இடங்களை நடுவில் ஒரே வரிசையாக வைத்தார்கள். இடப்பக்கத்தில் இரண்டாவது பெயர் அல் கோர். ஆனால் இரண்டாவது துளை வலப்பக்கத்தில் முதலில் இருந்த பாட் புக்கானனுக்கு உரியது. கோருக்கு உரியது மூன்றாவது. குழம்பியவர்கள் தப்பான துளையை இட்டார்கள். இரண்டு துளையிட்டுச் செல்லாத வாக்கானவையும் ஆயிரக்கணக்கில். அந்த மாநிலத்தில் வெற்றி தோல்வியை முடிவு செய்தது 537 வாக்குகள். எழுத்தின் அளவு சரி. பெயருக்கும் துளைக்கும் இடையிலான உறவு பிழை.

உங்கள் ஆவணத்தில் இதே பிழை அடிக்கடி நடப்பது துணைத்தலைப்புகளில். தலைப்புக்கு மேலும் கீழும் ஒரே அளவு இடைவெளி விட்டால், அது மேல் பத்தியின் முடிவா, கீழ்ப் பத்தியின் தொடக்கமா என்று தெரியாமல் நடுவில் மிதக்கும். மேலே 18 பாயின்ட், கீழே 6 பாயின்ட் வையுங்கள். பத்திகளுக்கிடையே 8 பாயின்ட். பத்தியின் முதல் வரியை உள்ளே தள்ளுவது என்று முடிவெடுத்தால் இடைவெளி வேண்டாம். இடைவெளி விட்டால் உள்தள்ளல் வேண்டாம். இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன.

தலைப்பின் அளவு கண்ணுக்குத் தெரியும்படி ஏற வேண்டும். உடல் எழுத்து 12 என்றால் துணைத்தலைப்பு 14, முதல்நிலைத் தலைப்பு 18. 12-க்கும் 13-க்கும் உள்ள வேறுபாட்டை யாரும் தலைப்பு என்று உணர மாட்டார்கள். ஏதோ பிசகு என்று நினைப்பார்கள். மூன்று நிலைகளுக்கு மேல் போக வேண்டியிருந்தால் ஆவணத்தைப் பிரிக்கும் வேளை வந்துவிட்டது. தலைப்பில் என்ன எழுதுகிறீர்கள் என்பதும் வடிவமைப்புதான். 'விவரங்கள்', 'பொது', 'இதர' ஆகியவை எதையும் சொல்வதில்லை. 'விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டிய 4 சான்றுகள்' என்றால், அந்தப் பகுதி தனக்கு வேண்டுமா என்று வாசகர் அங்கேயே முடிவு செய்துகொள்வார்.

## அழுத்தம் கொடுப்பது

ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சாய்வெழுத்து என்று கருவிகள் பல. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் உண்மையான சாய்வெழுத்தும் கிடையாது. பொத்தானை அழுத்தினால் மென்பொருள் எழுத்தைச் செயற்கையாகச் சரித்துவிடும், விசிறியும் கொம்பும் பக்கத்து எழுத்தில் போய் இடிக்கும். அடிக்கோடு போட்டால் அது ஞு, ழு, சூ ஆகியவற்றின் கீழ்ப்பகுதியை அறுத்துக்கொண்டு ஓடும்; திரையில் இணைப்பு என்று நினைத்துச் சொடுக்குவார்கள். மிஞ்சுவது தடித்த எழுத்து மட்டுமே. அதனால் அதைச் சிக்கனமாகச் செலவிடுங்கள். ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று இடம், ஒவ்வொன்றும் சில சொற்கள், அவ்வளவுதான். முழுப் பத்தியைத் தடிமனாக்கினால் அழுத்தம் போய்விடும். சிறிய அளவில் ண, ஞ, ஐ போன்றவற்றின் சுழிகள் மசியால் அடைபடும்.

நிறத்தைத் தனியாக நம்பாதீர்கள். சிவப்பு–பச்சை வேறுபாடு தெரியாதவர்கள் இருக்கிறார்கள். கருப்பு வெள்ளையில் அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள். நிறத்தோடு ஒரு சொல்லையோ குறியையோ சேர்த்து வையுங்கள். வெள்ளைத் தாளில் வெளிர்சாம்பல் எழுத்து நாகரிகமாகத் தோன்றலாம், படிக்க முடியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது இணையத்துக்கான அணுகல்தன்மை நெறிமுறை. அதைக் கணக்கிட்டுத் தரும் இலவசக் கருவிகள் நிறைய உண்டு.

## பத்தியா, பட்டியலா, அட்டவணையா

வரிசை முக்கியம் என்றால் எண்ணிட்ட பட்டியல். வரிசை முக்கியமில்லை, ஆனால் ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும் என்றால் புள்ளியிட்ட பட்டியல். பல பொருள்களைப் பல கோணங்களில் ஒப்பிட வேண்டும் என்றால் அட்டவணை. காரணமும் விளைவும் பின்னிக் கிடந்தால் பத்தி. கடைசியாகச் சொன்னதைத்தான் இப்போது அதிகம் மீறுகிறார்கள். எல்லாவற்றையும் புள்ளிகளாக உடைக்கும்போது 'அதனால்', 'ஆனால்', 'இருந்தாலும்' ஆகிய சொற்கள் உதிர்ந்துவிடுகின்றன. தகவல் மிஞ்சுகிறது, வாதம் மறைகிறது.

செய்முறைப் படிகளில் ஒரு படிக்கு ஒரு செயல். எல்லாப் படிகளும் ஒரே வினைமுடிவில் இருக்கட்டும்: 'கழற்றுங்கள், துடையுங்கள், பொருத்துங்கள்'. நடுவில் ஒன்று 'பொருத்தப்பட வேண்டும்' என்று வந்தால், யார் செய்வது என்று வாசகர் ஒரு கணம் தயங்குவார். எச்சரிக்கை எப்போதும் படிக்கு முன்னால் வர வேண்டும். 'மூடியைத் திறங்கள். திறக்கும் முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்' என்று எழுதினால், இரண்டாவது வாக்கியத்தைப் படிக்கும்போது மூடி கையில் இருக்கும்.

அட்டவணையில் எண்களை வலப்புறம் ஒழுங்குபடுத்துங்கள். அப்போதுதான் ஒன்றின்கீழ் ஒன்றும் பத்தின்கீழ் பத்தும் நிற்கும். அலகை ஒவ்வொரு கட்டத்திலும் எழுதாமல் நெடுவரிசைத் தலைப்பில் ஒருமுறை எழுதுங்கள். செங்குத்துக் கோடுகளை நீக்கிப் பாருங்கள், பெரும்பாலும் யாருக்கும் அவை தேவைப்படாது. அட்டவணை அடுத்த பக்கத்துக்குப் போனால் தலைப்பு வரி அங்கேயும் வரும்படி 'ரிபீட் ஹெடர் ரோஸ்' தேர்வை இயக்குங்கள்.

## ஓர் அறிவிப்பைத் திருத்திப் பார்ப்போம்

அடுக்ககத்தின் நுழைவாயிலில் ஒட்டுவதற்காக எழுதியது இது:

> அனைத்துக் குடியிருப்பாளர்களுக்கும் தெரிவித்துக்கொள்வது யாதெனில், மேல்நிலைத் தொட்டியைச் சுத்தம் செய்யும் பணி நடைபெற இருப்பதால் வரும் 14-ஆம் தேதி சனிக்கிழமை காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை தண்ணீர் வராது என்பதாலும், பணி முடிந்தபின் முதலில் வரும் நீர் கலங்கலாக இருக்கக்கூடும் என்பதால் 10 நிமிடம் திறந்துவிட்ட பிறகே பயன்படுத்த வேண்டும் என்பதாலும், தேவையான நீரை முன்கூட்டியே சேமித்துக்கொண்டு ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

தேவையான எல்லாம் இதில் இருக்கிறது. ஆனால் நடந்துகொண்டே பார்ப்பவருக்கு முதலில் தெரிவது 'அனைத்துக் குடியிருப்பாளர்களுக்கும்'. இதையே இப்படி மாற்றலாம்:

> சனிக்கிழமை
> தண்ணீர் வராது
>
> 14-ஆம் தேதி, காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை
>
> மேல்நிலைத் தொட்டியைச் சுத்தம் செய்கிறோம்.
>
> முந்தைய இரவே: 5 மணி நேரத்துக்கு வேண்டிய தண்ணீரைப் பிடித்து வையுங்கள்.
>
> தண்ணீர் வந்ததும்: குழாயை 10 நிமிடம் திறந்து விடுங்கள். கலங்கல் தெளிந்த பிறகு பயன்படுத்துங்கள்.

நுழைவாயிலில் அருகே கடந்து செல்பவருக்கானது என்பதால், ஏ4 தாளில் முதல் இரண்டு வரி 60 பாயின்ட், நேரம் 32, மற்றவை 22. தலைப்பை எங்கே மடக்குவது என்பதை மென்பொருளிடம் விடவில்லை. 'தண்ணீர்' ஒரு வரியிலும் 'வராது' அடுத்த வரியிலும் விழுந்தால் போகிற போக்கில் பார்ப்பவர் பாதிச் செய்தியைத்தான் பிடிப்பார். காரணம் மூன்றாவது இடத்துக்கு இறங்கியது, ஏனென்றால் அதைத் தெரிந்துகொண்டு யாரும் எதையும் செய்யப்போவதில்லை. செய்ய வேண்டிய இரண்டும் அவற்றின் நேரத்தைக் கொண்டு தொடங்குகின்றன. காலவரிசைப்படியே மேலிருந்து கீழாக வருகின்றன. '10 நிமிடம்', '9 மணி' ஆகியவற்றில் எண் ஒரு வரியிலும் அலகு மறு வரியிலும் பிரியாமலிருக்க, வேர்டில் கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு ஸ்பேஸ் தட்டினால் பிரியாத இடைவெளி விழும்.

## கையால் அலங்கரிக்காமல் ஸ்டைலில் வையுங்கள்

ஒவ்வொரு தலைப்பையும் தனித்தனியாகத் தேர்ந்து அளவு மாற்றித் தடிமனாக்கினால், இருபதாவது தலைப்பில் ஏதாவது ஒன்று தவறும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைத் தலைப்பு என்று அறியவும் அறியாது. எழுத்துரு, அளவு, இடைவெளி ஆகியவற்றை ஒரு பெயரில் சேமித்து வைக்கும் 'ஸ்டைல்' வசதியை வேர்டில் ஒருமுறை இப்படி அமையுங்கள்:

1. ஸ்டைல்ஸ் பகுதியில் 'நார்மல்' மீது வலச்சொடுக்கி 'மாடிஃபை' தேர்ந்தெடுங்கள்.
2. கீழே 'ஃபார்மட்', அதில் 'ஃபான்ட்'. இங்கே லத்தீன் எழுத்துக்கு ஒரு பகுதியும் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று மற்றொரு பகுதியும் இருக்கும். தமிழ் இரண்டாவதில் சேரும். இரண்டிலும் எழுத்துருவையும் அளவையும் கொடுங்கள்.
3. 'ஃபார்மட்', 'பாரகிராஃப்' வழியே போய் வரி இடைவெளியையும் பத்திக்குப் பின் 8 பாயின்ட்டையும் கொடுங்கள்.
4. 'ஹெடிங் 1', 'ஹெடிங் 2' இரண்டுக்கும் இதையே செய்யுங்கள். முன் 18, பின் 6. 'லைன் அண்ட் பேஜ் பிரேக்ஸ்' தாவலில் 'கீப் வித் நெக்ஸ்ட்' இயங்கியிருக்கட்டும். தலைப்பு பக்கத்தின் அடியில் தனியே தங்காமல் காப்பது அதுதான்.
5. தலைப்பு வரியில் சுட்டியை வைத்து கண்ட்ரோல், ஆல்ட், 1 அழுத்துங்கள்.

'அளவை மாற்றினேன், ஆங்கிலம் மட்டும் மாறியது, தமிழ் அப்படியே நிற்கிறது' என்ற புகாருக்குக் காரணம் இரண்டாவது படியைத் தவறவிடுவதுதான். லிப்ரே ஆஃபிஸிலும் இதே கதை. அங்கே முதலில் மொழி அமைப்புகளில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' வசதியை இயக்கினால்தான் தமிழுக்கான கட்டங்கள் தெரியும். கூகுள் டாக்ஸில் ஒரு தலைப்பை விரும்பியபடி அமைத்துவிட்டு, பாரகிராஃப் ஸ்டைல்ஸ் பட்டியலில் 'ஹெடிங் 1' எதிரே உள்ள 'அப்டேட்' தேர்வை அழுத்தினால் மற்றவை தானே மாறும். புதுப் பக்கம் வேண்டுமென்றால் என்டரைப் பத்து முறை தட்டாமல் கண்ட்ரோலோடு ஒருமுறை தட்டுங்கள். மேலே ஒரு வரி சேர்த்தாலும் அமைப்பு குலையாது.

## அனுப்பும் முன்

பக்கத்தை 50 சதவீத அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். எழுத்து படிக்க முடியாத நிலையிலும் எது தலைப்பு, எது பட்டியல், எது முக்கியம் என்று தெரிய வேண்டும். பிறகு தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படியுங்கள். ஆவணத்தின் சுருக்கம் கிடைக்கிறதா? கருப்பு வெள்ளையில் ஒரு பக்கம் அச்சடியுங்கள். கைபேசியில் திறந்து, அட்டவணை திரைக்கு வெளியே ஓடுகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, எழுத்துருச் சோதனை. பாமினி போன்ற பழைய குறியேற்றத்தில் எழுதியது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். எல்லாக் கருவிகளும் அறிந்த பொதுக் குறியேற்றமான யூனிகோடுக்கு மாற்றிவிட்டே அனுப்புங்கள். பிடிஎஃப்பாக மாற்றினால் தோற்றம் அப்படியே இருக்கும், ஆனால் தமிழ் பிடிஎஃப்பிலிருந்து நகலெடுக்கும்போது எழுத்துகள் குழம்புவது வழக்கம். பெறுபவர் உரையை எடுத்தாள வேண்டியிருந்தால் மூலக்கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். அந்தப் பிடிஎஃப்பை வேறொரு கருவியில் திறந்து கொ, கோ, கை, ஸ்ரீ ஆகிய எழுத்துகள் வரும் இடங்களைத் தேடிப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போயிருந்தாலோ, புள்ளிகளாலான வட்டம் ஒன்று தெரிந்தாலோ, தமிழ் எழுத்தைக் கோக்கும் வேலையை மென்பொருள் செய்யவில்லை. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் இப்படி வந்தால் பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி பாரகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்து மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள்.